வந்த நேரம்

போனை எடுத்ததும் சுயம்புராஜின் காதில் முதலில் விழுந்தது மணிச் சத்தம்தான். கோயில் மணியை யாரோ நிதானம் இல்லாமல் இழுத்து இழுத்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பூசைக்கு அடிக்கிற மணி அப்படி இருக்காது. அதற்குப் பின்னால் பெண்களின் கூச்சல். அப்புறம்தான் மீனவர் சங்கச் செயலாளர் ததேயுஸின் குரல் வந்தது.

“சாரே, என்ன சோலி செஞ்சு வச்சிருக்கிய? இங்க பொம்பளையளுவ எல்லாம் கடப்பொறத்துக்கு ஓடுகாளுவ. சகாய மாதா வந்துட்டு, லூர்து அன்னை வந்துட்டுன்னு வீடு வீடா மெசேஜ் வருது!”

“வள்ளம் கரைக்கு வந்தா மெசேஜ் வரத்தான் செய்யும் அண்ணாச்சி. அதுக்குத்தானே இதச் செஞ்சோம்?”

மறுமுனையில் ததேயுஸ் கூச்சலிலிருந்து தள்ளி நடந்து வருவது கேட்டது.

“சாரே,” என்றார் ததேயுஸ். குரல் இறங்கியிருந்தது. “அந்த வள்ளமெல்லாம் போயி எட்டு வருசமாச்சு. பொயலுக்க அன்னிக்குப் போனது. நாலு வள்ளம், பதினொரு ஆளு. ஒரு பொணங்கூட கரைக்கு வரல்ல. ஒங்க ஆபீஸ்ல நிக்க பிள்ளைட்ட கேளுங்க, ரெஜிஷாட்ட. அவளுக்க அப்பனும் அண்ணனும் சகாய மாதாலதான் போனாவ.”

சுயம்புராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தான். அது அவனுடைய நாற்காலி இல்லை. ரெஜிஷாவுடையது. எதிரே அவளுடைய கணினித் திரையில் நான்கு வரிகள் பச்சையாகத் தெரிந்தன. மூன்று நிமிடத்துக்கு முன்புவரை அவை சிவப்பாக இருந்தன. பச்சையாக்கியது அவன் கை. வள்ளங்களின் பெயரைக்கூட அவன் படித்துப் பார்க்கவில்லை. நாலு சிவப்பு வரி, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் ‘வந்த நேரம் 10.38’ என்று இயந்திரம் தானாகவே எழுதியிருந்தது.

நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையின் மூன்றாவது மாடியில் பதினான்கு பேர் வேலை செய்கிற சிறிய மென்பொருள் நிறுவனம் அது. முதலாளி ஆன்ட்ரூஸ் கத்தாரில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு வந்து ஆரம்பித்தது. மருந்துக்கடைகளுக்கு பில் போடும் மென்பொருள், பள்ளிக்கூடங்களுக்கு வருகைப் பதிவு என்று ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு முதன்முறையாகப் பேர் சொல்லும்படி ஒரு வேலை கிடைத்தது. மண்டைக்காட்டுக்கு மேற்கே ஒரு கடற்கரை ஊர். அந்த ஊர் மீனவர் சங்கத்துக்கு மீன்பிடி வள்ளங்களின் பதிவு செய்து கொடுக்க வேண்டும். வள்ளம் போகும் நேரத்தைக் கரையிலேயே பதிவார்கள். திரும்பினால் திரும்பிய நேரம். திரும்பியதும் அதில் போனவர்களின் வீட்டுக்கு மெசேஜ் போக வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரும்பாவிட்டால் சங்கத்துத் திரையில் சிவப்பு எரிய வேண்டும். இந்த ஊரில் ஒழுங்காக ஓடினால் மாவட்டத்துக் கடற்கரை முழுவதும் இதே மென்பொருள்தான் என்று மீன்வளத் துறையில் சொல்லியிருந்தார்கள். முழுவதற்கும் சுயம்புராஜ்தான் மேனேஜர் என்று ஆன்ட்ரூஸ் சொல்லியிருந்தார்.

சுயம்புராஜுக்கு அந்தத் தகுதி உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இரணியலில் வாழை வைத்துப் பிழைக்கிற குடும்பம். சென்னையில் பெரிய நிறுவனத்தில் எட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதும் ஊருக்கு வந்தவன். சனிக்கிழமைதோறும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுப்பான். வெள்ளைப் பலகையில் ஒரு முக்கோணம் வரைவான். ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் செலவு, மூன்றாவது பக்கம் வேலையின் எல்லை. ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்ற இரண்டும் அசையும் என்பான். “கேக்க வந்தவரு என்ன வேணும்னு சொல்லுவாரு. என்ன சொல்லாம விட்டாருன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம சோலி. அதுல கோட்டை விட்டா பொறவு ப்ரோகிராம் எழுதி ஒரு பிரயோசனமும் இல்ல.” இதைச் சொல்லும்போது பேனாவால் பலகையில் இரண்டு தடவை தட்டுவான்.

ஆறு மாதத்துக்கு முன்னால், முதல் கூட்டத்தில், ரெஜிஷா அந்தக் கேள்வியைக் கேட்டாள். சோதனைப் பிரிவில் அவள் ஒருத்திதான். அந்த ஊர்க்காரி என்பதால்தான் அவளை இந்த வேலையில் போட்டிருந்தார்கள்.

“சார், வராத வள்ளத்துக்கு என்ன போடணும்?”

“லேட்டானா சிவப்பு எரியும்லா?”

“லேட்டு இல்ல சார். வரவே வராத வள்ளம்.”

ப்ரோகிராம் எழுதுகிற ஷிஜின் தலையைக் குனிந்து போனைப் பார்த்தான். கூட்டம் ஏற்கெனவே இருபது நிமிடம் நீண்டுவிட்டிருந்தது.

“அது ஸ்கோப்ல இல்ல பிள்ள. சங்கம் கேக்கல்ல. அவிய கேக்காதத நாம எதுக்கு இழுத்து வைக்கணும்?”

கேள்விப் பட்டியலில் பதினேழாவதாக அதைக் குறித்து, பக்கத்தில் ‘எல்லைக்கு வெளியே, முடிந்தது’ என்று எழுதிவிட்டு சுயம்புராஜ் பதினெட்டாவதுக்குப் போனான்.

சங்கத்தின் பழைய நோட்டுகளில் இரண்டே கட்டங்கள். போன நேரம், வந்த நேரம். நோட்டில் உள்ளது ஒன்றும் விடுபடக் கூடாது, ஒன்றையும் நீக்கக் கூடாது என்று சங்கம் எழுதிக் கொடுத்திருந்தது. பத்து வருடத்து நோட்டை மூன்று பேர் உட்கார்ந்து கணினியில் ஏற்றினார்கள். அங்கத்தினர் எண்ணைக் கொண்டு ஒவ்வொரு பெயரோடும் அந்தந்த வீட்டின் இன்றைய போன் நம்பரும் சேர்ந்தது. அந்த நாலு வரியில் வந்த நேரம் காலியாக இருந்தது. இயந்திரம் என்ன செய்யும்? எட்டு வருடமாக வள்ளம் கடலில் நிற்கிறது என்று எடுத்துக்கொண்டு சிவப்பைக் காட்டியது.

போன் வருவதற்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை, ஆன்ட்ரூஸ் திரையைப் பார்த்து முகம் சுளித்தார். “வெள்ளிக்கிழமை அதிகாரி பாக்க வரும்போ சிவப்பு ஒண்ணு இருக்கப்பிடாது மக்கா. நாலு வள்ளத்தக் காணோம்னு அந்த ஆளு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

சுயம்புராஜ் ரெஜிஷாவைக் கூப்பிட்டு அந்த நாலையும் வந்ததாகப் போட்டு முடிக்கச் சொன்னான்.

“அத நான் செய்ய மாட்டேன் சார்.”

“ஏன்?”

“வரல்லல்லா சார். வராததுக்கு வந்ததுன்னு எப்பிடிப் போட? ததேயுஸ் மாமாட்ட கேட்டுட்டு வேற ஏதாவது செய்யலாம்.”

அவரிடம் கேட்டால் அவர் கமிட்டியைக் கூட்டுவார். கமிட்டி கூடினால் வெள்ளிக்கிழமை போய்விடும். பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டான். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு வங்கிக்குப் போக அரை மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ரெஜிஷா ஒரு சீட்டை நீட்டினாள். அவன்தான் கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதி, தன் மேசை டிராயரில் வைத்தான். பழைய பதிவுகளைத் திருத்தும் உரிமை சோதனைப் பிரிவின் லாகினுக்கு மட்டும்தான் இருந்தது. அவள் கணினியைப் பூட்டாமல் போயிருந்தாள். அவன் போய் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தான். நாலு வரியையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தான். ஒரு அமுக்கு.

மெசேஜ் சேவையை இன்னும் திறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தான். அவனே போட்ட கால அட்டவணையில் நாற்பத்து மூன்றாவது வரி, ‘செவ்வாய் மாலை, மெசேஜ் சேவையைத் திறத்தல், பொறுப்பு ஷிஜின்.’ ஆறு மாதத்தில் எந்த வேலையும் சொன்ன தேதிக்கு முடிந்ததில்லை. இந்த ஒன்றை மட்டும் ஷிஜின் சொன்ன தேதிக்கே முடித்துவிட்டிருந்தான்.

மத்தியானம் ஆன்ட்ரூஸ் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மேசையில் சாயா ஆறிப்போய்க் கிடந்தது. ஊரில் பெண்கள் கடலுக்குள் இடுப்பளவு தண்ணீர்வரை இறங்கிவிட்டார்கள் என்றும், பிடித்து இழுத்துக் கரையேற்ற வேண்டியிருந்தது என்றும், கிளாரா என்ற வயதான பெண் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றும் சொன்னார்.

“டெமோவ திங்கக்கிழமைக்கு மாத்தியாச்சு. துறையில அறிக்கை கேக்கறாங்க. எப்பிடி நடந்துது, ஆரு செஞ்சது, இனி நடக்காம இருக்க என்ன செய்யப் போறோம், இந்த மூணும் வேணும். மூணாவது நான் எழுதிக்கிடுகேன். ஆருங்கறதச் சொல்லு. லாக்ல ஆருக்க பேரு இருக்கு?”

சுயம்புராஜ் ஆறின சாயாவைப் பார்த்தான். மேலே ஆடை படிந்திருந்தது. லாகில், கணினி தானாகக் குறித்துவைக்கும் பதிவில், யாருடைய பெயர் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது பொய்யும் இல்லை.

“ரெஜிஷா.”

ஆன்ட்ரூஸ் நிமிர்ந்து பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். இருபது வருடம் ஆட்களைக் கட்டி மேய்த்தவர். அவருக்குச் சந்தேகம் வராமல் இருந்திருக்காது.

“நல்லது,” என்றார். “நீ போனா இந்த ப்ராஜெக்ட் போச்சு. அவ போனா ஒரு டெஸ்டர் போவா. அவ்வளவுதான்.” பிறகு சாயாவைத் தள்ளி வைத்துவிட்டு, “சங்கத்துக்கு ஒரு கடிதம் தயார் பண்ணு. பத்து வீட்டுலயும் கையெழுத்து வேணும். அவியளுக்கு ஒரு புகாரும் இல்லேன்னு,” என்றார்.

ரெஜிஷாவை வங்கியிலேயே போனில் பிடித்து யாரோ சொல்லிவிட்டார்கள். அவள் அப்படியே ஊருக்குப் போய்விட்டாள். வியாழக்கிழமை காலை வழக்கமான நேரத்துக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் உயரம் மாறியிருந்தது. ஒரு கணம் அப்படியே இருந்துவிட்டு, கீழே கையை விட்டுப் பழைய உயரத்துக்கு இறக்கிக்கொண்டாள். சுயம்புராஜ் அதைப் பார்த்தான்.

பதினோரு மணிவாக்கில் அவனால் இருப்புக்கொள்ள முடியவில்லை. போய் நின்றான்.

“அம்மா எப்பிடி இருக்காவ?”

“அம்ம அசையல்ல சார்.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எல்லாரும் ஓடினாவளாம். அம்ம மட்டும் வீட்ட விட்டு எறங்கல்ல. நான் போகும்போ அடுப்புப் பக்கத்துல நிக்கா. எப்பவும்போலதான் இருந்தா. தப்பா வந்த மெசேஜுன்னு அம்மைக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு.”

நெஞ்சில் இருந்த கனத்தில் ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது அவனுக்கு. பத்து வீட்டில் ஒரு வீடாவது தப்பித்தது. அதுவும் இந்த வீடு.

மத்தியானம் ரெஜிஷா தூக்குவாளியைத் திறந்தாள். பழஞ்சி. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது, மேலே இரண்டு உரித்த சின்ன உள்ளி. வெள்ளிக்கிழமையும் அதே பழஞ்சி. ஷிஜின் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன பிள்ள, ரெண்டு நாளா ஒரே பழஞ்சி? நோம்பா?”

“சோறு மிச்சம் கெடக்கு. களைய முடியுமா?”

“ரெண்டு பேரு உள்ள வீட்டுல ரெண்டு நாளைக்கு மிச்சமா? அம்மைக்கு அளவு தெரியாதா?”

“ஒனக்குத் தெரியுமா? நீ போட்ட தேதிக்கு ஒரு நாளாவது சோலி முடிச்சிருக்கியா?” என்றாள் ரெஜிஷா. கேட்டவர்கள் சிரித்தார்கள். அவன் முடித்திருந்த ஒரே வேலை எது என்று நினைவு வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. ஷிஜின் எழுந்து கை கழுவப் போனான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்ரூஸ் அவளை உள்ளே கூப்பிட்டார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வந்தவள் தூக்குவாளியைப் பையில் வைத்தாள். கணினியை அணைத்தாள். போகிற வழியில் சுயம்புராஜின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“திங்கக்கிழமையிலருந்து வரண்டாம்னு சொல்லிட்டாவ சார். அறிக்கை போன பொறவு பாக்கலாமாம்.”

“நான் பேசிப் பாக்கேன்.”

“பேசண்டாம் சார். புதன்கிழமை பெர்மிஷன் சீட்டு ஒங்ககிட்டதான இருக்கு?”

டிராயருக்குள், அவன் முழங்கைக்கு ஒரு சாண் கீழே, அது இருந்தது.

“எந்தச் சீட்டு?” என்றான்.

வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. ரெஜிஷா அவனைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை அந்தப் பார்வையில். மென்பொருளில் தப்பு கண்டுபிடிக்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படித்தான் பார்த்தாள். தப்பு இங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பார்வை.

“ஒண்ணுமில்ல சார்,” என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.

சனிக்கிழமை சுயம்புராஜ் வகுப்பு எடுக்கவில்லை. பத்து மணிக்குத் திங்கள்நகர் வழியாகப் பைக்கில் மண்டைக்காட்டுக்கு இறங்கி, அங்கிருந்து கடற்கரைச் சாலையில் மேற்கே போனான். சட்டைப் பையில் அந்தச் சீட்டு இருந்தது. முந்தின நாள் எல்லோரும் போன பிறகு டிராயரிலிருந்து எடுத்தது. கிழித்துப் போடவா கொடுக்கவா என்று முடிவு செய்யாமலேயே எடுத்தான். வழியில் இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் ததேயுஸ் குடையோடு நின்றுகொண்டிருந்தார்.

“ஒம்பது ஆச்சு சாரே,” என்று கடிதக் கட்டைக் காட்டினார். “ஆஸ்பத்திரிக்குப் போயி கிளாராட்டயும் வாங்கியாச்சு. அவ மட்டும் ஒண்ணு கேட்டா. மெசேஜ் அனுப்பின ஆளுக்கு அம்ம இருக்காளான்னு. இருக்கான்னேன். பொறவு போட்டுட்டா.”

சுயம்புராஜ் பைக்கை ஓரமாக நிறுத்தினான். இரண்டு பேரும் நடந்தார்கள். வெயிலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. திட்டுவார்கள் என்று நினைத்து வந்தான். பார்த்தவர்கள் வலையிலிருந்து கையை எடுக்காமல் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

“அண்ணாச்சி, நோட்டுல அந்த நாலு வரியிலயும் காணாமப் போச்சுன்னு ஒரு வார்த்த எழுதியிருந்தா இது வந்திருக்காதுலா?”

ததேயுஸ் நின்றார்.

“ஆரு எழுதுவா? அப்ப எனக்கு முன்ன யேசுதாசன்தான் செயலாளரு. நோட்டத் தொறந்து பேனாவ வச்சிட்டு மூணு நாளு இருந்தான். எழுதல்ல. சர்க்காரு மரண சர்ட்டிபிக்கேட்டு குடுத்தாச்சு. கோயில்ல பூசை வச்சாச்சு, கல்லுல பேரு வெட்டியாச்சு. அதெல்லாம் மத்தவன் எழுதினது சாரே. இந்த நோட்டு நாங்க எழுதறது. போனான்னு எழுதின கை, வந்தான்னுதான் எழுதணும். இல்லேன்னா சும்மா கெடக்கட்டும்னு விட்டாச்சு. எட்டு வருசமா ஒருத்தனுக்க கையும் அங்க போகல்ல.” கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, “நீங்க ஒரே அமுக்குல எழுதிட்டிய,” என்றார்.

நீங்க என்று பொதுவாகத்தான் சொன்னார். சுயம்புராஜின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது.

“பின்ன எதுக்கு அண்ணாச்சி கையெழுத்து வாங்கித் தாறிய?”

“இந்தக் கம்ப்யூட்டர் பதிவு எங்களுக்கு வேணும் சாரே. இல்லேன்னா அடுத்த பொயலுக்கும் நாங்க மணி அடிச்சிட்டுத்தான் நிக்கணும்.”

ரெஜிஷாவின் அம்மா குளோரியின் வீடு தெருவின் கடைசி. ஓட்டுக்கூரையும் சிமெண்டுத் தரையுமாக ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கதவைத் திறந்தது ரெஜிஷா. வீட்டில் உடுத்தும் பழைய நைட்டியின் மேல் ஒரு துவர்த்துத் துண்டு போட்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். சுவரில் திருக்குடும்பப் படத்துக்குக் கீழே ஒரு பழைய புகைப்படம். நடுவில் மீசைவைத்த மனிதர், பக்கத்தில் குளோரி, அரும்புமீசையோடு ஒரு பையன், பள்ளிச் சீருடையில் இரண்டு பின்னல் போட்ட ரெஜிஷா. நாலு பேரும் படம் பிடிப்பவரை நம்பாதவர்கள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றார்கள்.

குளோரி சமையல்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். மீன்கூடை சுமந்த கழுத்து. வந்தவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இவருதான் பிள்ளைக்க சாரா?”

“ஆமா குளோரி. ஒனக்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி,” என்றார் ததேயுஸ்.

“எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். என்ன எழுதியிருக்குன்னு வாசிக்காம போடமாட்டேன். ஏட்டி, நீ வாசி.”

சுயம்புராஜ் எழுந்துவிட்டான். “நான் வாசிக்கேன்மா.”

“நீங்க இரிங்க. அவ வாசிப்பா.”

ரெஜிஷா கடிதத்தை வாங்கினாள். வியாழக்கிழமை அவனே உட்கார்ந்து அடித்துச் சங்கத்துக்கு அனுப்பிய கடிதம். ஒவ்வொரு வரியும் அவனுக்கு மனப்பாடம். அவள் நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி சமமான குரலில் வாசித்தாள்.

“மேற்படி குறுஞ்செய்தியானது, சோதனைப் பிரிவின் பெண் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் தவறுதலாக அனுப்பப்பட்டது என்பதை அறிந்தோம்.”

மூச்சு விட்டாள். அடுத்த வரிக்குப் போனாள்.

“இதனால் எங்கள் குடும்பத்தாருக்கு மன உளைச்சலோ வேறு இழப்போ எதுவும் ஏற்படவில்லை என்றும், இது குறித்து எங்களுக்குப் புகார் ஏதும் இல்லை என்றும்…”

“நிறுத்து,” என்றான் சுயம்புராஜ்.

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் குளோரிக்கு முன்னால் ஸ்டூலின் மேல் வைத்தான்.

“அந்த நேரத்துல இவ ஆபீஸ்லயே இல்லம்மா. வங்கிக்குப் போயிருந்தா. நான்தான் இவளுக்க எடத்துல இருந்து அமுக்கினேன். லாக்ல இவ பேரு விழுந்துட்டு. ஆருன்னு கேக்கும்போ நான் சொல்லல்ல.”

ததேயுஸின் வாய் திறந்தபடி நின்றது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று வழி முழுக்க நினைத்திருந்தான். அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ரெஜிஷா அந்தச் சீட்டைத் தொடவில்லை. கடிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“அத திங்கக்கிழமை ஆன்ட்ரூஸ் சார்ட்ட சொல்லுங்க சார்,” என்றாள். “அதிகாரி இருக்கும்போ சொல்லுங்க. இங்க ஆரு ஒங்களக் கேட்டா?”

திங்கள்கிழமையை நினைத்ததுமே அவன் கை சீட்டைத் திரும்ப எடுக்கப் பாதிவரை நீண்டது. அவள் அதையும் பார்த்துவிட்டாள் என்று தோன்றியது.

காற்றில் சீட்டு படபடத்து ஸ்டூலின் விளிம்புக்கு நகர்ந்தது. குளோரி சட்டென்று உள்ளங்கையை அதன்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். மீன் செதிள் ஒன்று அவள் மணிக்கட்டில் ஒட்டிக் காய்ந்திருந்தது.

ததேயுஸ் தொண்டையைச் செருமினார். “சரி, ஆபீஸ் காரியத்த அவிய ஆபீஸ்ல பேசட்டும். குளோரி, நீ போடு. இந்த ஊரே வெப்ராளம் பிடிச்சு ஓடிச்சு. நீ ஒருத்தி அசையல்ல. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, அது பொய்யின்னு. ஒனக்கு ஒண்ணும் ஆகல்லல்லா, அதத்தான எழுதியிருக்கு?”

பேனாவை நீட்டினார். குளோரி வாங்கவில்லை. மகளைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த படத்தை. அப்புறம் சமையல்கட்டுப் பக்கம், அடுப்பின் மேல் கவிழ்த்து வைத்திருந்த பெரிய பானையை.

“எனக்கு என்ன தெரியும் ததேயுஸே? கடல்லருந்து வாறவிய பசியோடதான வருவாவ? நான் எங்க ஓட? நாலு பேருக்கு அரிசி போட்டேன்.”